பக்கத்துக்கு ஒரு கவர்

மகனே,

நாங்கள் இங்கே சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். இந்த முறை அந்த வரியை மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். சுகம் இல்லை. உன் அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இடது கண் போயே விட்டது. வலது கண்ணில் மிச்சம் இருப்பது எத்தனை மாதத்துக்கு என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், இனிமேல் உள்ளதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். "அவன் பதறிப்போய் வேலையைப் போட்டுட்டு ஓடியாருவான், பாவம், சொல்லிராதீங்க" என்றாள். நான் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கில் நான் காப்பாற்றியது குறைவு, காப்பாற்றாதது அதிகம். இதுவும் அதோடு சேரட்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் நடக்கப் போகும் நேரம் பார்த்து அவள் உன்னோடு போனில் பேசுகிறாள் என்பது எனக்கு எப்போதோ தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்காகவே பாலம் வரை போய், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்று, அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புவேன். வரும்போது வாசலில் செருப்பைச் சத்தமாக உதறுவேன். வீடியோவில் அம்மா ஏன் போனை மின்விசிறிக்கு நேரே பிடிக்கிறாள், ஏன் பாதி நேரம் அவள் நெற்றி மட்டும் தெரிகிறது என்று நீ யோசித்திருப்பாய். நெட்டு சரியில்லை என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். நெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. போனில் தெரிகிற உன் மகளின் முகம் அவளுக்கு ஒரு வெளிச்சத் திட்டு மட்டும்தான். "எவ்வளவு வளந்துட்டா" என்று சொல்வது குரலை வைத்து.

நாம் இரண்டு பேரும் பேசி ஏழு வருஷமாகிறது. நீ முக்கூடலுக்குப் போய் அம்மன் கோயிலில் வைத்து இசக்கியம்மாளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து. இந்தப் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் 'அந்தப் பிள்ளை' என்றுதான் சொல்வேன். ஒரு சாமியின் பெயரைக் கிறிஸ்தவன் என் வாயால் சொல்ல மாட்டேன் என்று ஒரு வீம்பு. உன் அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "உங்க தாசில்தார் பேரு முருகேசன். வருஷக்கணக்கா முருகேசன் சார், முருகேசன் சார்னு அவர் பின்னால போனீங்கள்லா. அப்ப வாய் அவிஞ்சா போச்சு?" பதில் வராத இடத்தில் கோபம் வருவது என் வழக்கம், அது உனக்கே தெரியும். அன்றைக்கு ரசம் உப்பு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ரசத்தில் உப்புச் சரியாகத்தான் இருந்தது. ஊர் அறிய உன்னை வேண்டாம் என்றவன் நான். நம் சபையின் கோயில் கமிட்டியில் யாரும் என்னைக் கேட்கும் முன்னால் நானே போய், என் மகன் இப்படிச் செய்துவிட்டான், எனக்கு இந்த இடத்தில் உட்காரத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டிருக்கவே மாட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆகவே இந்தக் கடிதத்தையும் நீ ஊர் அறியக் காட்டலாம்.

கண் விஷயத்திலும் என் பங்கு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் புத்தகத்தில் வரியின் கடைசி எழுத்தெல்லாம் விழுங்கிப்போகிறது என்று சொன்னாள். சர்க்கரைக்காரிக்குக் கண்ணில் அப்படி ஏதாவது வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணாடியத் தொடச்சுப் போடு. பாட்டெல்லாம் மனப்பாடமாத் தெரியும்லா, எழுத்து எதுக்கு?" என்றேன். அவளும் அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கெட்டது அவள் கண், நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருப்பது நான்.

டாக்டர் கையை விரித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கட்டிலுக்கு அடியில கிடக்க அட்டைப் பெட்டி எல்லாத்தையும் இங்கன இழுத்துப் போடுங்க" என்றாள். அந்தப் பெட்டிகளை நீ மறந்திருக்க மாட்டாய். மே மாத லீவில் நம் கோயிலில் நடக்கும் வேதாகமப் பள்ளிக்காக அவள் வருஷம் முழுக்கச் சேர்த்துவைக்கிற சாமான். கல்யாணப் பத்திரிகை, பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை, சேலைப் பெட்டி, சட்டைக்குள் வைத்து வரும் அட்டை, போன வருஷக் காலண்டரின் முதுகு, ஜாக்கெட் வெட்டின ஓரத் துணி, லேஸ், ஒற்றைப் பொத்தான், மாத்திரை அட்டையில் உரித்த வெள்ளித் தாள். இருபது வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு அவள் கடையிலிருந்து ஒரு சாமான் வாங்கியது கிடையாது. பிள்ளைக்கு ஒரு கவர், ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு வேலைக்கு வேண்டிய அத்தனையும் வெட்டித் தயாராக இருக்கும். பிள்ளைகள் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். ஏப்ரல் மாதம் முழுவதும் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளுக்கு நட்சத்திரம் வெட்டிக் கொடுப்பாய், நான் சோற்றில் தாள் கிடக்கிறது என்று கத்துவேன்.

இப்போது அவள் செய்யக் கிளம்பியது உன் மகளுக்கு. 'அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்ப' என்று ஒரு ஆல்பம். அவளால் நேராக ஒட்ட முடியாது. மூன்று தடவை ஒட்டிப் பார்த்தாள், மூன்றும் சரிந்துபோயிற்று. நான் ஒட்டித் தருகிறேன் என்றேன். "நீங்க ஒட்டுனா கவர்மென்ட் ஃபைல் மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒட்டவே வேண்டாம். பக்கத்துக்கு ஒரு கவர். உள்ளே அடி அட்டை, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு நிறத் தாள், அதன் மேல் ஒரு படம், ஓரத்துக்குத் துணியோ லேஸோ, எழுதி ஒட்ட ஒரு சீட்டு. ஒட்டுகிற வேலை கோயம்புத்தூரில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு. கடைப் பசை வேண்டாம், சின்னப் பொட்டலத்தில் ஒரு கரண்டி மைதா வைத்து, 'அம்மாவைப் பசை காய்ச்சித் தரச் சொல்' என்று எழுதச் சொன்னாள். அந்த அம்மா என்பது இசக்கியம்மாள். எழுதினது நான்.

இந்த வேலையில் நான் எடுபிடி. அவள் விரலால் தடவிப் பார்த்துச் சாமான் பிரிப்பாள். வெல்வெட் பூ வைத்த பத்திரிகை ஒரு பக்கம், எழுத்து மேலே எழும்பி நிற்கிறது ஒரு பக்கம், மினுக்குத்தூள் சொரசொரக்கிறது ஒரு பக்கம். நிறம் மட்டும் என்னைக் கேட்பாள். நான் நீலம் என்றால், "என்ன நீலம்? நம்ம பழைய கதவு நீலமா, இங்க் நீலமா?" என்று கேட்பாள். வந்த தபால் கவரைப் பிரித்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி ஒட்டினால் புதுக் கவர். அது ஆபீஸில் நான் படித்த வித்தை, அதில் மட்டும் என்னை நம்புகிறாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கவரிலும் ஒரு துண்டு கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று பூ ஒட்ட வேண்டிய பக்கத்துக்கு நான்கு பூ. ஏன் வீணாக என்று கேட்டேன். "ஒண்ணு கோணிட்டா பிள்ளை அழுமே. இன்னொண்ணு கெடக்குன்னு தெரிஞ்சா பயப்படாம ஒட்டும்" என்றாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் இந்தச் சட்டம் என் காதில் இப்போதுதான் விழுகிறது. உன்னை வளர்க்கையில் நான் எண்ணி மூன்றுதான் வைத்தேன். ஒன்று கோணியதும் உன்னை வெளியே தள்ளிவிட்டேன். உன் மகளுக்கு நீ அப்படி வைக்காதே. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லை, அனுபவம் இருக்கிறது.

எல்லாம் கூடி வந்த பிறகு அவள் படம் கேட்டாள். "நம்ம ஆல்பம் தண்ணில நனைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்கள்லா. நனைஞ்சா என்ன, ஒட்டிக் கெடக்கதப் பைய பிரிச்சுப் பாப்போம். ரெண்டு மூணாவது தேறாதா?" என்றாள். ஆல்பம் நனையவில்லை, மகனே. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆறு பெருகி நம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததே, அப்போது அந்த மூன்று ஆல்பமும் பரணில் தகரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. ஊரே வெள்ளத்தில் எதையெதையோ தொலைத்து அழுதபோது, நான் அந்த வெள்ளத்தை ஒரு சௌகரியமாகப் பிடித்துக்கொண்டேன். கீழ் அலமாரியில் இருந்த ஆல்பமெல்லாம் கூழாகிப் போயிற்று, அள்ளிக் கொட்டிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். உண்மையை மறைக்க எனக்கு ஒரு ஆறே வேண்டியிருந்தது.

உண்மை இதுதான். உன் கல்யாணத்தன்று மத்தியானம் உன் அம்மா உள்ளறையில் முகத்தை மூடிப் படுத்திருந்தாள். நான் போக விடாததால் படுத்திருந்தாள். நான் முன்னறையில் ஆல்பங்களை இறக்கி வைத்து, நீ இருக்கிற ஒவ்வொரு படத்தையும் உருவி, உன்னை மட்டும் வெட்டி எடுத்தேன். நாற்பத்தொரு படம். எண்ணிக்கொண்டே வெட்டினேன், குமாஸ்தா புத்தி. கைக்கு அகப்பட்டது அவளுடைய கத்தரிக்கோல், கவர் வேலைக்கு ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுகிறதே, அது. நீ ஓரத்தில் நின்ற படத்தில் ஒரு ஓரம் போயிற்று. நடுவில் நின்ற படத்தில் ஓட்டை விழுந்தது. அவள் மடியில் நீ இருந்த படத்தில் அவள் மடியையும் சேர்த்துத்தான் வெட்ட முடிந்தது, உன்னைப் பிடித்திருந்த அவள் விரல் இரண்டும் உன்னோடு போயிற்று. மிச்சப் படங்களை ஆல்பத்தில் செருகிப் பரணில் ஏற்றிவிட்டு, வெட்டின துண்டுகளை எல்லாம் அள்ளிக் கொல்லையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அடுப்பு எரிந்து முடியுமுன்பே எனக்குப் புத்தி வந்துவிட்டது. ஆனால் அப்போது அடுப்பில் கை விட முடியவில்லை.

அவள் கேட்ட பிறகு வேறு வழியில்லாமல் பரணில் ஏறினேன். ஒரே ஒரு படத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்தேன். இருக்கிறதில் சின்ன ஓட்டையாகப் பார்த்து எடுத்தேன், திருட்டுப் புத்தி எப்படி வேலை செய்கிறது பார். அவளுக்குத்தான் தெரியாதே, எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் படத்தை வாங்கி மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. பிறகு மடியில் வைத்து மற்ற சாமானைத் தடவுகிற மாதிரியே தடவினாள். விரல் ஓட்டைக்குள் போய் நின்றது.

"இது என்னங்க, பல்லு பல்லா இருக்கு?"

நான் தரையில் கிடந்த லேஸைச் சுருட்டத் தொடங்கினேன்.

"தண்ணில நனைஞ்ச படம் இப்படியா கிழியும்?" விரல் அந்த ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் நின்றது. "என் கத்தரிக்கோலு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"வெட்டுன துண்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" அவள் வீட்டில் எந்தத் துண்டையும் எறிந்தவள் இல்லை. யாரும் எறிவார்கள் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மொகத்தையுமா?" என்று கேட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பெட்டிய மூடுங்க, தூசி விழும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். குடித்தாள். மாத்திரை கொடுத்தேன். விழுங்கினாள். இரண்டு நாள் அவளுக்கும் எனக்கும் இடையில் அவ்வளவுதான் நடந்தது. இந்த வயதில் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், அதிலும் ஒருவருக்கு மற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போக வேண்டியிருக்கையில், பேசாமல் இருப்பது எப்படி என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசாமல் இருந்தாள்.

அந்த இரண்டு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. ஜங்ஷன் பக்கத்தில் நாம் படம் எடுக்கும் ஸ்டூடியோவுக்குப் போனேன். நெகட்டிவ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, வெள்ளத்துல கடையே முங்கிப்போச்சு. நெகட்டிவக் கேக்கியளே" என்றார். நான் பொய்யாகச் சொன்ன வெள்ளம் அங்கே நிஜமாகவே வந்திருந்தது. பிறகு வள்ளியூருக்குப் பஸ்ஸேறி, என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போனேன். அவன் கல்யாண ஆல்பத்தில் நாம் எங்காவது விழுந்திருப்போம் என்று ஒரு நம்பிக்கை. "ஒரு போன் போட்டிருக்கலாம்லா, இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று அவன் கேட்டான். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கடைசியில் பந்தியில் ஒரு படம். இலைக்கு முன்னால் நீ உட்கார்ந்திருக்கிறாய், ஆறு வயது இருக்கும். பரிமாறுகிற ஆளின் சாம்பார் வாளி உன் பாதி முகத்தை மறைத்திருந்தது. மீதிப் பாதி முகம், ஒரு கண், ஒரு காது. அதைப் போனில் பிடித்து, கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, புதையல் கிடைத்தவன் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளே பேசினாள். "பரண்ல கெடக்க மத்த படத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். நான் முதலில் வள்ளியூர்ப் படத்தை நீட்டினேன். இது முழுசாக இருக்கிறது, இதில் அவன் இருக்கிறான் என்றேன். வாங்கித் தடவினாள். மேலும் கீழும் தடவினாள். "வழவழன்னு இருக்கு. ஒண்ணும் தெரியலயே" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டாள். பிறகு ஓட்டை விழுந்த படங்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, அந்தப் பல் பல்லான ஓரத்தில் விரலை ஓட்டினாள். "இதுல அவன் தெரியுதான்" என்றாள். ஓட்டையின் உயரத்தை வைத்து உன் வயதைச் சொன்னாள். "இது இடுப்புக்குக் கீழ. மூணு வயசு. கொக்கிரகுளத்து மாமா வீட்டுக் கலியாணம்." படத்தின் பின்னால் நான் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. "இது கைய விரிச்சுட்டு நிக்கான். சைக்கிள் வாங்குன அன்னைக்கு." அதுவும் சரி. மற்ற படமெல்லாம் அவளுக்கு ஒரே மாதிரி வழவழப்புத் தாள். நான் உன்னை வெட்டி எறிந்த படங்களில் மட்டும்தான் அவளால் உன்னைக் கண்டுபிடிக்க முடிகிறது. அன்றைக்கு ஒரு ஓரமாக எழுந்து போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அந்தப் படங்களைத்தான் கவருக்குள் வைக்கிறாள். பிள்ளை பயந்துபோகும், ஓட்டையாக இருக்கிறதே என்றேன். "அவ அப்பன் எம்புட்டு உசரம் இருந்தான்னாவது தெரியும்" என்றாள். ஆனால் சீட்டில் என்ன எழுதுவது என்று வந்தபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். "மொகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. நீங்கதானே கடைசியாப் பாத்தது" என்றாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்பத்தொரு படத்தையும் கையில் பிடித்து வெட்டியவன் நான். ஆனால் வெட்டுகையில் கோடு பிசகக் கூடாது என்று ஓரத்தைத்தான் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன செய்ய, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சிரிச்சுக்கிட்டு நிக்கான்."

"அன்னைக்கு அவனுக்கு அம்மை எறங்கி ரெண்டாம் நாளு. எப்படிச் சிரிப்பான்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்பதில்லை. தனக்குத் தெரிந்ததை அவளே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் அவளுக்கும் நடுவில் நின்றுபோகிறது. "இதுல முடி வகிடு எந்தப் பக்கம் எடுத்திருந்தேன்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கண்ணும் போய், பிறகு அவள் நினைவிலும் நீ மங்கிப்போனால், நான் என்ன செய்வேன்? எனக்கு ஃபைல் தைக்கத் தெரியும், மனு எழுதத் தெரியும், கவரைத் திருப்பி ஒட்டத் தெரியும். இதற்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன். போன மாதம் அவள் தூங்கும்போது அவள் போனிலிருந்து. இரண்டு தடவையும் நீ முதல் மணியிலேயே எடுத்தாய். "அம்மா, சொல்லும்மா" என்றாய். நான் வைத்துவிட்டேன். பிறகு நீ திரும்பக் கூப்பிட்டபோது கை பட்டுவிட்டது என்று அவள் உன்னிடம் சமாளித்தாள். வைத்துவிட்டு என்னிடம், "பேசணும்னா பேசிர வேண்டியதுதானே, எதுக்கு என் போனை நோண்டுதீங்க?" என்றாள். சரி, நீ போய் அவனைப் பார்த்துவிட்டு வா, நான் ரயிலேற்றி விடுகிறேன் என்றேன். ஏழு வருஷமாக அவள் கேட்டுக் காத்திருந்த வார்த்தை. இப்போது வேண்டாம் என்கிறாள். "படியில தடவித் தடவி எறங்குவேன், அவனுக்குத் தெரிஞ்சுரும்" என்கிறாள். போகலாம் என்று நான் சொல்லும் காலம் வந்தபோது, போக முடியாத காலம் அவளுக்கு வந்துவிட்டது. கவர்களைத் தபாலில் அனுப்பவும் விடமாட்டேன் என்கிறாள், மடங்கிவிடுமாம். பதினோரு கவர் மேசை மேல் அடுக்கி இருக்கிறது. தினமும் ஒரு தடவை எண்ணித் தடவி வைக்கிறாள்.

மகனே, என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் உன் அம்மாவை வைத்து உன்னிடம் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். நீ வர வேண்டும், அவ்வளவுதான். இசக்கியம்மாளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. என்னைப் பார்க்க உனக்கு மனம் இல்லையென்றால் முந்தின நாள் அம்மாவிடம் சொல், நான் தச்சநல்லூரில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறேன், நீங்கள் கிளம்பின பிறகு வருகிறேன். அவளுக்குச் சமையல் நான்தான் செய்கிறேன், ஆகவே காலையிலேயே ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன். மாத்திரை டப்பா மேசையில் இருக்கும், மத்தியானம் வெள்ளை மாத்திரை ஒன்று. ராத்திரி ரயிலில் வந்தால் விடியும் முன்பே வந்து இறங்குவாய். உடனே வீட்டுக்கு வராதே, ஸ்டேஷனில் கொஞ்சம் இரு. பத்து மணிக்கு மேல் வா. பத்திலிருந்து பன்னிரண்டு வரை முன்னறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் விழுகிறது. அந்த நேரத்தில் ஒருவர் நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தால், முகம் இன்னும் தெரிகிறது என்கிறாள்.

அப்பா